ஜியு-ஜிட்சு கற்கப் போகிறவர்களுக்கு: முதல் வருடம் மனசைப் பார்த்துக்கொள்ளும் வழி

நான்கு வருடத்துக்கு முன்னால் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் ஒரே மாதத்தில் பயிற்சிக்கு வந்தோம். இன்றைக்கு அதில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். போன ஏழு பேரில் அடிபட்டு நின்றவர் ஒருவர், வேலை மாற்றலாகிப் போனவர் ஒருவர், மீதி ஐந்து பேரும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் மனசு விட்டுப்போய் நின்றவர்கள். அதில் ஒரு தம்பி கடைசி நாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு மாசமா வர்றேன், ஒருத்தரக்கூட ஜெயிக்க முடியல, நமக்கு இது வராது போலண்ணே" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்தெட்டு வயது வரை கபடி ஆடினேன். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வண்டியில் தஞ்சாவூர் போய் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயிற்சி எடுக்கிறேன். இப்போது நீல பெல்ட், ஐந்து படியில் இரண்டாவது. மாஸ்டர் இல்லை, உங்களுக்கு நாலு படி முன்னால் போகிறவன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். குத்து, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, மேலே ஏறி அடக்கி, கழுத்தை நெருக்கியோ மூட்டை மடக்கியோ தட்ட வைக்க வேண்டும். தட்டினால் தோற்றேன், விடு என்று அர்த்தம். 1882-ல் ஜிகோரோ கானோ ஜப்பானில் தொடங்கிய கோடோகான் ஜூடோவிலிருந்து வந்தது. அங்கே பயின்ற மிட்சுயோ மைதா 1914-ல் பிரேசில் போனார், அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹீலியோவும் தரையில் போடும் சண்டையைத் தனியாக வளர்த்தார்கள். 1993-ல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி, அதாவது பல வகைச் சண்டைக்காரர்களும் மோதும் போட்டியில், ஹீலியோவின் மகன் ராய்ஸ் தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தட்ட வைத்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

குத்து இல்லாததால் ஒவ்வொரு வகுப்பிலும் கிட்டத்தட்ட முழு பலத்தோடு நிஜமாகவே மோதிப் பார்க்கலாம். சிலம்பத்தில் முதல் பல மாதம் சுற்றும் சுவடும்தான் இருக்கும், எதிரே ஆள் நின்று அடிக்கிற கட்டம் மெதுவாகத்தான் வரும். இங்கே பல இடங்களில் முதல் வாரமே உங்களைவிடத் தெரிந்தவரோடு இறக்கிவிட்டுவிடுவார்கள். அப்படியென்றால் முதல் வாரத்திலிருந்தே தோற்பீர்கள், ஒரு சாயங்காலத்தில் ஐந்து ஆறு தடவை. புதிதாக வருகிறவரின் மனசை உடைப்பது இதுதான், வேறெதுவும் இல்லை.

சேர்வதற்கு முன்னால்

டெல்டாவில் இதைச் சொல்லித் தரும் இடங்கள் குறைவு. ஜிம்மின் ஒரு மூலை, கடைக்கு மேலே ஒரு ஹால், இப்படித்தான் இருக்கும், இடத்தின் பகட்டைப் பார்க்க வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பு முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களிலேயே ஒல்லியான ஆளை அல்லது சின்னப் பையனைப் பெரியவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும், அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். மாஸ்டரிடம் "உங்களுக்கு யார் பெல்ட் கொடுத்தாங்க" என்று கேளுங்கள். முறையாக வாங்கியவர் அதைச் சந்தோஷமாகச் சொல்வார், மழுப்பினால் யோசியுங்கள். "இங்க தட்டினா கோழை" என்கிற பேச்சு காதில் விழுந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய அடி, முதுகுவலி, வீசிங், வலிப்பு எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதல் மாதம்: அடியில் கிடக்கப் பழகுவது

எங்கள் வகுப்பில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தொண்ணூற்றைந்து கிலோ. முதல் வாரத்தில் அவர் என் மேல் குறுக்கே படுத்து அடக்கியது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவர் மார்பு என் தாடையை ஒரு பக்கமாகத் திருப்பி அழுத்துகிறது, அவர் நெற்றி வியர்வை சொட்டி என் கண்ணில் எரிகிறது, நனைந்த கீ (பயிற்சிக்குப் போடும் தடித்த சட்டை) மூக்கை அடைக்கிறது, மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் டக் என்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கழுத்திலும் கையிலும் அவர் ஒரு பிடியும் போடவில்லை. ஆனாலும் செத்துப்போய்விடுவேன் என்று தோன்றிவிட்டது, தட்டிவிட்டேன். அவர் உடனே எழுந்து என்னை உட்காரவைத்து, "மூச்ச எதுக்குடா புடிச்சு வச்சிருக்க" என்றார்.

அவர் சொன்னது சரி. அடியில் மாட்டும் புதிய ஆள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். குடமுருட்டியில் நீச்சல் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள், பயந்து கையை காலை உதறுகிறவன்தான் தண்ணீர் குடிப்பான். அதே கதைதான் இங்கேயும். நான் செய்து பார்த்து எனக்குப் பலன் கொடுத்த வரிசை இது.

முதலில், மல்லாந்து தட்டையாகக் கிடக்காதீர்கள், கொஞ்சமாவது ஒருக்களித்துத் திரும்புங்கள், நெஞ்சின் மேல் விழுகிற பாரம் அதிலேயே குறையும். அடுத்து இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கப் பாடுபடாமல் வெளியே விடுங்கள், நீளமாக, உதட்டைக் குவித்து. விட்டால் உள்ளே வருவது தானாக வரும். கபடி ஆடியவர்களுக்கு இது சுலபம், பாடிக்கொண்டே போகும்போது நாம் செய்வது மூச்சை விடுவதுதானே. முதல் ஆறு மாதம் யார் அடியில் மாட்டினாலும் உதட்டுக்குள்ளேயே "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். பாடுகிற வாயால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. மூச்சு சீரான பிறகு மட்டும் தப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள், அதாவது இடுப்பைத் தூக்கி ஒரு பாலம் மாதிரி எழும்பி, கிடைக்கிற சந்தில் இறால் மாதிரி வளைந்து பின்னால் நழுவுவது. எங்கள் மாஸ்டர் அந்தப் பயிற்சிக்கே இறால் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார், வகுப்பு தொடங்கியதும் நீளவாக்கில் ஹால் முழுக்க இறால் போக வேண்டும்.

அப்படியும் பயம் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "எடை கம்மியா இருக்குறவர் முப்பது நொடி மட்டும் மேல இருக்கட்டும்." அடுத்த வாரம் ஒரு நிமிடம். இப்படிப் படிப்படியாக ஏற்றினால் உடம்பு கற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் யாரோ தப்பாக நடந்துகொண்டது, விபத்தில் சிக்கிக்கொண்டது என்று பழைய காயம் எதாவது உள்ளே இருந்தால், இப்படி அழுத்தப்படும்போது அது திடீரென்று மேலே வரலாம். அழுகை வரும், கை நடுங்கும், இரண்டு நாள் தூக்கம் வராது. அது பலவீனம் இல்லை. பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

தட்டக் கற்றுக்கொள்வது

கபடி ஆட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம், என்னை வைத்துச் சொல்கிறேன். கபடியில் நாலு பேர் பிடித்து இழுத்தாலும் விரல் நுனியாவது கோட்டைத் தொட வேண்டும் என்று இருபது வருடம் உடம்பில் ஏற்றியிருக்கிறேன். பிடிபட்டால் இன்னும் முட்ட வேண்டும். இங்கே பிடிபட்டால் தட்ட வேண்டும், இரண்டும் நேர் எதிர்.

சேர்ந்த ஐந்தாவது மாதம், மே கடைசி. ஒரு கல்லூரிப் பையன், என்னைவிடப் பதினைந்து கிலோ கம்மி, என் வலது கையை நீட்டிப் பூட்டிவிட்டான். கை நேராகிவிட்டது, அப்போதே தட்டியிருக்க வேண்டும். பையன்தானே, பிடுங்கிவிடலாம் என்று முறுக்கினேன். முழங்கைக்குள்ளே தண்ணீர்க் குழாய் விரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் பயந்துபோய் விட்டுவிட்டு, "அண்ணே நீங்க தட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்று அழாத குறையாக நின்றான்.

அடுத்த ஆறு வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாலேயே போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள், லோ வோல்டேஜில் மோட்டார்கள் வரிசையாகக் கருகும், எனக்கு வருடத்திலேயே வேலை அதிகமான மாதம் அது. நீர்மூழ்கி மோட்டாருக்குக் காயில் கட்டுவதென்றால் கம்பியை ஸ்லாட் ஸ்லாட்டாகக் கையால் இழுத்துக் கோர்க்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கை நீள வேண்டும். என்னால் ஒரு சுற்று இழுக்க முடியவில்லை. வாசலில் விவசாயிகள் நிற்கிறார்கள், நாற்று காய்கிறது, தம்பி ஒற்றை ஆளாக ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து கட்டினான். நான் ஒரு நொடி தட்டாததற்கு யார் யாரோ விலை கொடுத்தார்கள்.

1951-ல் ரியோவில் ஹீலியோ கிரேசிக்கும் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவுக்கும் மோதல் நடந்தது. கிமுரா கையைப் பூட்டி முறுக்கியும் ஹீலியோ தட்டவில்லை, ஓரத்தில் நின்ற அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் கிமுரா என்றுதான் பெயர். அது மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடந்த மானப் பிரச்சினை, செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில் நமக்கு அப்படி ஒன்றும் இல்லை.

தட்டும் முறையை மனதில் வையுங்கள். வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள், கை நேராகிவிட்டது என்று தெரிந்தவுடனே தட்டுங்கள். எதிராளியின் உடம்பில் தட்டுங்கள், அவருக்குத் தெரிகிற மாதிரி, இரண்டு மூன்று தரம். கை இரண்டும் சிக்கிவிட்டால் காலால் தரையை அடியுங்கள், அல்லது வாயால் "டேப்" (தட்டுகிறேன்) என்று சத்தமாகச் சொல்லுங்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் நெருக்கினால் மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், பத்து நொடிக்குள்ளேயே மயக்கம் வந்துவிடலாம், அங்கே யோசிக்க நேரம் கிடையாது. குதிகாலைத் திருகுகிற பிடியில் வலி தெரிவதற்கு முன்னாலேயே முட்டி ஜவ்வு கிழிந்துவிடும், அதனால் பிடித்த உடனேயே தட்ட வேண்டும், வெள்ளை பெல்ட்காரர்கள் அந்தப் பிடி பக்கமே போக வேண்டாம். எதிராளி தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு பயிற்சி. ஒரு வாரம் முழுக்க, பூட்டு பாதி விழுந்தவுடனேயே தட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். முதல் நாள் உள்ளுக்குள் எரியும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த எரிச்சல் பாதியாகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது.

தோற்றதை எழுதிவைப்பது

கடையில் கருகிய மோட்டார் எது வந்தாலும் ஒரு நோட்டில் எழுதுவோம், எந்தக் காயில் போயிருக்கிறது, ஏன் போனது என்று. முழங்கை சரியாகித் திரும்பிப் போனபோது இதற்கும் ஒரு நோட்டு போட்டேன். "இன்னிக்கு அஞ்சு தடவ தோத்தேன்" என்று எழுதினால் அழுகைதான் வரும். எந்தப் பிடியில் தட்டினேன், அதற்கு முன்னால் என் கை எங்கே இருந்தது, இந்த இரண்டு மட்டும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்: அடியில் கிடக்கும்போது கையை நீட்டி எதிராளி மார்பைத் தள்ளியிருக்கிறேன். நீட்டின கையைத்தான் எல்லோரும் பூட்டியிருக்கிறார்கள். தள்ளுவதை நிறுத்தினேன், ஒரு மாதத்தில் பாதி தோல்வி குறைந்தது. எனக்கு வராது என்று நினைத்திருந்த விஷயம் ஒரு கை வைக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது, ரெண்டு மாசத்தில் நின்றுபோன அந்தத் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

யாரைவிட எவ்வளவு என்று அளக்கவே கூடாது. பக்கத்தில் நிற்கிற பையனுக்குப் பத்தொன்பது வயது, படிப்பு மட்டும்தான் வேலை, நீங்கள் பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள். போன மாதம் இந்த அண்ணன் என்னை ஒரு நிமிடத்தில் தட்ட வைத்தார், இந்த மாதம் மூன்று நிமிடம் ஆனது, அளந்தால் அப்படி அளங்கள். பெல்ட் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு. இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி நீலத்தில் குறைந்தது இரண்டு வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பழுப்பில் ஒரு வருடம் இருக்க வேண்டும். நிஜத்தில் கருப்புக்குச் சாதாரணமாகப் பத்து வருடம் ஆகும். இரண்டு மாதத்தில் வரவில்லையே என்று கவலைப்படுகிற கணக்கே இதில் பொருந்தாது.

பெண்களிடம் தோற்ற பிறகு வராமல் நின்ற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மூன்று வருடமாக வருகிறது, நீங்கள் மூன்று வாரமாக வருகிறீர்கள், இதில் அவமானப்பட எதுவும் இல்லை.

தொடுவதும் தொடப்படுவதும்

நம் ஊரில் அறிமுகம் இல்லாதவர் தோளில் கை வைத்தாலே கூச்சப்படுகிறோம், இங்கே வேற்று ஆள் வியர்வையோடு மேலே படுக்கிறார். ஆண்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு, சொல்ல மாட்டார்கள். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். பெண்களுக்கு நான் சொல்வது, யாரோடு பயிற்சி செய்வது என்பது முழுக்க உங்கள் முடிவு. "இவரோட வேண்டாம்" என்று சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பயிற்சியில் பட்டதற்கும் வேண்டுமென்றே பட்டதற்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், தெரிந்ததை நம்புங்கள், மாஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் பூசி மெழுகினால் இடத்தை மாற்றுங்கள். ஆண்கள், பெண்ணோடு இறங்கும்போது பொம்மை மாதிரி தொடவும் வேண்டாம், தோற்றுவிடுவோமே என்று முரட்டுத்தனமாக நசுக்கவும் வேண்டாம். "எவ்வளவு பலமா போகலாம்ங்க" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கீ காயவே காயாது, ஈரத்தோடு போட்டால் படர்தாமரை வரும், ஒருவருக்கு வந்தால் வகுப்புக்கே வரும். இரண்டு கீ வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பு முடிந்ததும் குளியுங்கள். வந்துவிட்டால் மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள், அப்போதைக்கு அடங்கி அப்புறம் அதிகமாகும். தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆறும் வரை பயிற்சிப் பாய் மேல் ஏறாதீர்கள்.

வீட்டில்

கழுத்தில் சிவந்த தடத்தோடு வீட்டுக்குப் போனால் அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். "கல்யாணமாகிப் புள்ள இருக்கு, இந்த வயசுல கட்டிப் பொரண்டு என்னத்தடா சாதிக்கப் போற?" எனக்கு இது ஒரு வருடம் நடந்தது. பழைய கதைதான். புறநானூற்றின் 80-வது பாட்டில் சாத்தந்தையார் பாடுகிறார்: சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தி ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி நிற்கிறான், இதை அவன் அப்பா தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், ஒரு தடவை வந்து பார்க்கட்டும் என்று. அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகாது, ஆனாலும் புலவர் கேட்பது வந்து பார்க்கட்டும் என்பதைத்தான். நானும் அதையே செய்தேன். ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போய் ஓரமாக உட்காரவைத்தேன். ஆலை அண்ணன் என்னை அடக்கியதையும், நான் தட்டியதும் அவர் கை கொடுத்துத் தூக்கியதையும் பார்த்துவிட்டு வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பெரிய புள்ள நல்ல புள்ளையா இருக்கு" என்றார். அதற்கப்புறம் திட்டுவது குறைந்தது, நிற்கவில்லை.

மனைவியிடம் நாளையும் நேரத்தையும் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், மாதச் செலவையும் சேர்த்து. வாரம் இரண்டு நாள் என்று சொன்னால் இரண்டு நாள்தான். தொடக்கத்தில் வெறி பிடித்த மாதிரி ஆறு நாள் போகிறவர்கள்தான் சீக்கிரம் நிற்கிறார்கள், உடம்பும் தாங்காது, வீடும் தாங்காது.

இடைவெளி விழும்போது

விழத்தான் செய்யும். நடவு, அறுப்பு, பொங்கல், தங்கச்சி கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல். நான் வருடா வருடம் மே கடைசியிலிருந்து ஜூலை வரை சரியாகப் போவதில்லை. மூன்று வாரம் விட்டால் நான்காவது வாரம் போகக் கூச்சமாக இருக்கும், பழைய மாதிரி செய்ய முடியாதே என்று தள்ளிப்போடுவோம், அப்படியே நின்றுவிடுவோம். என்னோடு வந்து நின்றுபோன ஐந்து பேரில் மூன்று பேர் இப்படி நின்றவர்கள்தான். அதனால் திரும்பிப் போகும் முதல் வாரம் மோதவே மோதாதீர்கள். "ரெண்டு மாசம் விட்டுப்போச்சு மாஸ்டர், இந்த வாரம் பயிற்சி மட்டும் செய்றேன்" என்று சொல்லிவிட்டு இறாலும் பாலமும் மட்டும் செய்துவிட்டு வாருங்கள். இரண்டாவது வாரம் நம்பிக்கையான ஒருவரோடு மட்டும் ஒரு சுற்று. மூன்றாவது வாரம் தானாகச் சரியாகிவிடும்.

போட்டிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. மாஸ்டரே போகச் சொன்னால் போங்கள், வெள்ளை பெல்ட்டுக்கு ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம்தான், ஆனால் அதற்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது, அதற்கும் தயாராக இருங்கள்.

வருகிற திங்கட்கிழமை முதல் வகுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கை கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மோதிரம், கயிறு, செயின், தோடு எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழம் போதும். ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, வாசலில் விட ஒரு செருப்பு. பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.